வாயில் ஊசி இருக்கும்போது

"அடுத்த மாசத்துலேர்ந்து எங்க மாப்பிள்ளையோட துணிக்கடைக்கே மாறிடறோம் டீச்சர். தங்கச்சி உள் ரூம்ல இருந்து தச்சுக் குடுப்பா. அவளுக்குத்தான் காது சரியில்லையே, பாவம். முன்னாடி நிக்க வச்சா வர்றவங்ககிட்ட என்னத்தப் பேசுவா?"

அக்கா இதைச் சொன்னபோது அந்தப் பாவப்பட்டவள் அங்கேதான் இருந்தாள். ஸ்டூலின் மேல் நின்ற பாட்டு டீச்சரின் எதிரே முட்டி போட்டு, மேடைக்கென்று தைக்கிற நீலக் கவுனின் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயின் இடது ஓரத்தில், பற்களுக்கு நடுவே, ஒரு கொத்துக் குண்டூசி. ஒரு கை துணியைப் பிடிக்கும், மறு கை வாயிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் குத்தும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சின்னவள் இப்படித்தான் ட்ரையல் பார்க்கிறாள். அக்கா பேசியதில் ஒரு சொல்கூட அவள் காதுக்குத் தப்பவில்லை. மாப்பிள்ளை கடையா? உள் ரூமா? யாரைக் கேட்டு? வாயைத் திறக்கத்தான் போனாள். வாய் நிறைய ஊசி. பல்லை இன்னும் இறுக்கினாள். இடது தாடையில், காதுக்குச் சற்று முன்னால், 'டக்' என்று ஒரு சத்தம். உடனே தண்ணீருக்குள் முங்கினாற்போலக் காது அடைத்துக்கொண்டது. பொட்டில் வலி ஆணியாக இறங்கியது.

எழுந்திருக்கவும் வழியில்லை. பிடித்த துணியை விட்டால் இடுப்பு நழுவிப்போகும், எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி ஊசியைக் குத்திவிட்டு அவள் நிமிர்வதற்குள் அக்கா டீச்சரோடு கவுனின் கை நீளத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். டீச்சர் துணி மாற்றிக்கொண்டு கிளம்பும்போது சின்னவளின் பக்கம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி, "போய்ட்டு வர்றேங்க!" என்று கத்தினாள்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குது டீச்சர்."

டீச்சர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது சின்னவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

கடை என்பது தெருவைப் பார்த்த ஒரே ஓர் அறை. முன்னால் அக்காவின் வெட்டு மேசை, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி, ஸ்டூல். பின்சுவரை ஒட்டி இரண்டு மிஷின். அக்கா வெட்டுவாள், வருகிறவர்களிடம் பேசுவாள். சின்னவள் உடம்பில் வைத்துப் பிடித்துப் பார்ப்பாள், தைப்பாள். 'டெய்லரம்மா' என்று யாராவது வாசலில் கூப்பிட்டால் அது அக்கா. சின்னவளுக்கு 'சின்ன டெய்லர்' என்று பெயர். ஆனால் ஒரு சட்டை தோளில் ஏன் தூக்குகிறது, ஒரு கோட்டு முதுகில் ஏன் சுருங்குகிறது என்பதெல்லாம் சின்ன டெய்லரின் விரலுக்குத்தான் தெரியும். உடம்பு முன்னால் நிற்க வேண்டும். நின்றால்தான் அவளுக்கு வேலை. உள் ரூமில் உட்கார்ந்து வெட்டிப் போட்ட துணியை ஓட்டுவதற்கு அவள் எதற்கு? மோட்டாரைத் தட்டிவிட யாராக இருந்தால் என்ன?

டீச்சரின் தலை தெருமுனையில் மறைந்ததும் கேட்டாள். "என்னக்கா அது, கடை மாறுது கிடை மாறுதுன்னு? எனக்கே இப்பத்தான் தெரியுது."

"இப்பத்தானா? நல்லா இருக்கே கதை! போன வாரமே சொன்னேனே. நீயும் சரின்னு தலையாட்டினியே."

"நானா? எப்போ?"

"அந்த வக்கீலம்மா கோட்டுக்கு ட்ரையல் பாத்தப்போ. 'மாப்பிள்ளை ரொம்ப நாளாக் கேக்கறாரு, பேசாம அங்கேயே போயிடலாமாடி'ன்னு கேட்டேன். நீ நல்லா ரெண்டு தடவை தலையாட்டினே. அதுக்கப்புறம்தான் கடை வீட்டுக்காரர்கிட்ட ரூமைக் காலி பண்றோம்னு சொன்னேன்."

வாயில் ஊசி இருக்கும்போது சின்னவள் ஸ்டூலில் நிற்கிறவர்களிடம் தலையால்தான் பேசுவாள். மோவாயை இந்தப் பக்கம் காட்டினால் இப்படித் திரும்பு, அந்தப் பக்கம் காட்டினால் அப்படித் திரும்பு, இரண்டு முறை தலையாட்டினால் போதும், அப்படியே நில். இந்தக் கடையில் ஒரு முறை ஸ்டூலில் ஏறிய சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வக்கீலம்மாவை நில் என்று சொன்ன தலையாட்டலை எடுத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டுக்காரரிடம் சம்மதம் என்று நீட்டியிருக்கிறாள்!

"அது அந்தம்மாவுக்கு ஆட்டினது. உனக்குத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டேன், ஆட்டினே." அக்கா கத்தரியை எடுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. இப்பப்போய் மாட்டேன்னா, அங்க வாழப்போன என் பொண்ணை யாரு கேக்கறது? எல்லாத்துக்கும் குதிக்காதடி. வேலை தலைக்கு மேல கிடக்கு."

அன்று மிஷினை ஓட்டியபடியே சின்னவள் பழைய கணக்கையெல்லாம் புரட்டினாள். பழைய கால்மிஷினை விற்றபோது அவளைக் கேட்டார்களா? கேட்டார்களாம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் அளவெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். போர்டில் அக்கா பேர் மட்டும் வந்தபோது? அதுவும் ஒரு ட்ரையல் நேரம்தான். பெரிய பேச்சு எதுவானாலும் அக்கா அவள் வாய் நிறைந்திருக்கும் வேளையாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். ஸ்டூலில் வெளியாள் நிற்கும்போது எடுத்திருக்கிறாள். தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா? தெரிந்தேதான். எத்தனை வருஷம் இப்படி ஒரு தலையாட்டி பொம்மையாக முட்டி போட்டிருக்கிறோம்! வேடிக்கை என்னவென்றால் அக்கா ஒரு நாளும் வாயில் ஊசி வைத்தது கிடையாது. முழுங்கிவிடுவோமோ என்று பயமாம். 'நீ வச்சுக்கோ, கை ரெண்டும் காலியா இருந்தாத்தான் வேலை ஓடும்' என்று பழக்கிவிட்டவளும் அவள்தான்.

காதுத் தொல்லை ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. முதலில் காதுக்குள் ஒரு இரைச்சல், குக்கர் விசிலடிக்கும் முன் வருமே, அந்த மாதிரி. பிறகு அடைப்பு. பிறகு பொட்டிலிருந்து பின்மண்டைவரை இழுத்துக் கட்டியதுபோல் தலைவலி. காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் காது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார், இருந்தாலும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒலி கேட்கிற சோதனையில் எல்லாம் சரி. தலையைப் படம் எடுத்தார்கள், அதுவும் சரி. கண்ணாடி போடச் சொன்னார்கள், போட்டாள். எல்லாம் சரியாக இருக்கிற ஒருத்திக்கு எப்படி வலிக்கும்? ஆகவே மனசுதான் காரணம் என்றார்கள். அக்காவோ அந்தச் சோதனைக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. காது டாக்டரிடம் போனாள் என்றதும் காது போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டாள். அதிலிருந்து வாடிக்கையாளர்கள் எல்லாரும் அக்கா முகத்தைப் பார்த்தே பேசினார்கள், "அவங்களுக்கு இந்தக் கை இறுக்கமா இருக்குன்னு சொல்லுங்க" என்று, அவள் அதே கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது.

வீட்டில் அவள் புருஷன், பஸ் ஓட்டுகிறவர், இதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "நீ தூங்கும்போது பல்லை நறநறன்னு கடிக்கிற சத்தத்துல நான் கியர் மாத்தற மாதிரி கனவு காண்றேன். பகல்ல அந்தக் கோபத்தை உங்க அக்காகிட்ட காட்டு, என் தூக்கமாவது மிஞ்சும்."

"கிண்டலா பண்றீங்க?"

"பின்ன அழவா சொல்றே? நான் வேணா வந்து பேசட்டுமா?"

"வேண்டாம். எனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கறதே போதும் போதும்னு ஆயிடுச்சு."

மறுநாள் காலை வாய் கொப்பளித்தபோது தொட்டியில் ஒரு சில்லு விழுந்தது. பின்பக்கக் கடைவாய்ப் பல்லின் ஓரம். ராத்திரி முழுக்கக் கடித்ததில் பல்லே உடைந்திருக்கிறது. அப்படித்தான் அவள் பல் டாக்டரிடம் போனாள். காதுக்காகப் போகவில்லை, தலைக்காகப் போகவில்லை.

பல் டாக்டர் ஒரு இளம் பெண். உடைந்த பல்லைப் பார்த்தாள், மற்ற பற்களும் மட்டமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தாள். கருவிகளை வைத்துவிட்டுக் கையுறை போட்ட விரல்களால் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "பல்லை ஒருதரம் கடிங்க. ம். இப்ப விடுங்க." பிறகு இடது தாடை எலும்புக்கு மேலே ஓர் இடத்தில் அழுத்தினாள். சின்னவள் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள். அழுத்தியது கன்னத்தில், வலி போய்க் குதித்தது காதுக்குள்ளே. இன்னும் மேலே, பொட்டில் அழுத்தினாள். மாதக்கணக்காகச் சொந்தமாகிப்போன அந்தத் தலைவலி, அதேதான், அப்படியே எழுந்து வந்தது.

"இதுதானே உங்க காது வலி?"

"இதேதான். எப்படிங்க?"

"மெல்றதுக்குன்னு இருக்கிற தசை இது. நாள் பூரா இறுக்கிப் பிடிச்சா வலியைக் காதுக்கும் தலைக்கும் அனுப்பும். காது அடைக்கும், இரையும். போய்ப் பாத்தா காதுல ஒண்ணும் இருக்காது. எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் காதும் தலையும் பாத்தாச்சு, தொட்ட இடமும் சொல்லுது. என்ன வேலை பாக்கறீங்க? எதையாவது கடிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

"குண்டூசி."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வாயில் இனி ஊசியோ நூலோ எதுவும் கூடாது என்றாள். உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது, நாக்கு மேலண்ணத்தில் சும்மா கிடக்கட்டும், வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுங்கள், கெட்டியாக எதையும் மெல்லாதீர்கள். ஒரே நாளில் போய்விடாது என்றும் சொன்னாள். பிறகு, எழுதிக்கொண்டே, "மனசுல எதையாவது அடக்கி வச்சிருந்தாலும் இது இறுகும்" என்றாள்.

சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. டாக்டர் அதை ஆறுதல் என்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள். ஆறுதலாவது மண்ணாவது! கோபம். காதில் சொட்டு விட்டவர்கள், தலையை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளியவர்கள், மனசு என்று சொல்லி அனுப்பியவர்கள், இத்தனை பேரில் ஒருத்தராவது இந்தக் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்களா? காது கேட்கும் ஒருத்தியைச் செவிடி என்று ஊர் முழுக்கச் சொல்லி அவளை உள் ரூமில் அடைக்கப் பார்த்தாளே கூடப் பிறந்தவள், அவளாவது ஒரு வார்த்தை கேட்டாளா?

பல் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கடைக்குப் போகவில்லை. நேராகக் கடை வீட்டுக்காரரின் வீட்டுக்குப் போனாள். அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைக் காதருகே வைத்துச் சைகை காட்டினார். "சைகை வேண்டாங்க, பேசுங்க. நானும் பேசத்தான் வந்திருக்கேன்" என்றாள். பல்லும் பல்லும் தொடாமல் பேசுவது புதிதாக இருந்தது, நாக்கு எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டு, தங்கச்சிக்கும் முழுச் சம்மதம் என்று அக்கா சொன்னதாகச் சொன்னார். கேட்டதும் தாடை இறுகப் பார்த்தது. விட்டாள். "அது என் சம்மதம் இல்லீங்க" என்றாள்.

டீச்சர் அடுத்த முறை வந்தது அடி மடிப்புக்காக. மேடையில் போடப்போகும் குதிகால் செருப்பையும் கொண்டுவந்திருந்தாள், செருப்பு இல்லாமல் அடி மடிப்பு பிடித்தால் எல்லாம் வீண். ஸ்டூலில் ஏறி நின்றாள். கவுனின் அகலமான அடிப்பாகம் சுற்றிலும் விரிந்து தொங்கியது. சின்னவள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு முட்டி போட்டாள். இடது மணிக்கட்டில் வெல்வெட்டுத் துண்டில் பஞ்சடைத்துத் தைத்த ஒரு சின்ன மெத்தை, அதில் ஊசிகள்.

"இதென்ன புதுசா வளையல்?" என்றாள் அக்கா.

"டாக்டர் சொல்லியிருக்காங்க. வாயில வைக்கக் கூடாதாம். என் காதுக்கு ஒண்ணுமில்லை, தாடைதான்."

"காது வலிக்குத் தாடையா? நல்ல டாக்டரைப் பிடிச்சே போ!" அக்கா டீச்சரின் பக்கம் திரும்பி, குரலைத் தணிக்காமலே சொன்னாள். "இப்படித்தான் டீச்சர், காது போச்சுன்னு ஒத்துக்கவே மாட்டா. அங்க உள் ரூம்ல ஏசி இருக்கு, நிம்மதியா தச்சுக்கிட்டு இருக்கட்டும்னு நானும் மாப்பிள்ளையும்..."

"நான் வரல."

அறையில் இதுவரை கேட்டிராத குரல் அது. சத்தமில்லை, கீச்சில்லை. டீச்சர் குனிந்து பார்த்தாள்.

"என்ன?"

"நான் வரலைன்னு சொன்னேன்க்கா. வீட்டுக்காரரைப் பாத்துட்டேன். ரூமைக் காலி பண்ணல. மாசக் கடைசிக்கு அப்புறம் வாடகை என் பேர்ல இருக்கும். நீ மாப்பிள்ளை கடைக்குப் போறதுன்னா போ. இங்கயே இருக்கறதுன்னாலும் இரு. ஆனா முன்னாடிதான் நான் நிப்பேன்."

அக்காவின் முகத்தில் இரத்தம் ஏறியது. "என்னைக் கேக்காம வீட்டுக்காரர்கிட்ட போனியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நீ எத்தனை வார்த்தை கேட்டே? என் வாய் அடைச்சிருக்கற நேரமாப் பாத்துப் பாத்துக் கேட்டியே, அதுக்குப் பேரு கேக்கறதா? மிஷினை வித்தே, தலையாட்டினேன்னே. போர்டு மாட்டினே, தலையாட்டினேன்னே. யாரோ ஒருத்தரைத் திரும்பச் சொல்லி நான் ஆட்டின தலையை வச்சு இத்தனை வருஷமா என் வாழ்க்கையையே வெட்டித் தச்சுக்கிட்டு இருக்கே. உனக்கு நல்லாத் தெரியும்க்கா. தெரியலைன்னு மட்டும் சொல்லாதே, எனக்கு ஆத்திரம் தாங்காது!"

"டீச்சர் முன்னாடி..."

"டீச்சர் முன்னாடிதானே என்னைச் செவிடின்னே?"

"நான் கீழ இறங்கட்டுமா?" என்றாள் டீச்சர் மெல்ல.

"நில்லுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டீச்சர் நின்றாள்.

அக்கா வெட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "மாப்பிள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்றது? அவரு உன் கையை நம்பித்தான் கேட்டாரு. நீ இல்லாம நான் மட்டும் போனா வெட்டுக்காரிதான் அங்க. என்னையும் உள் ரூம்லதான் உக்காத்தி வைப்பாரு." அதைச் சொன்னபோது அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. சின்னவளுக்கு ஒரு நொடி மனசு இளகியது. அப்படியென்றால் உள் ரூம் எப்படிப்பட்டது என்று இவளுக்கு முன்பே தெரியும்! இளகியது அங்கேயே கெட்டியானது.

"உனக்கு வேண்டாத ரூமு எனக்கு மட்டும் ஏசியா?"

சின்னவள் ஸ்கேலை ஸ்டூல் பலகையில் நிறுத்தி, டீச்சரின் முன்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக மடித்துக் குத்த ஆரம்பித்தாள். தாடை இறுகியது, விட்டாள், இறுகியது, விட்டாள். காதில் இரைச்சல் இன்னும் இருந்தது. ஆனால் அதைத் தாண்டி எல்லாமே கேட்டது, தெருவில் சைக்கிள் மணி, டீச்சரின் மூச்சு, அக்காவின் முட்டி 'மடக்' என்று சொடுக்குப் போட்டது.

அக்கா வந்து ஸ்டூலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் ஒருத்தர் காலடியில் முட்டி போட்டதில்லை. சின்னவளின் மணிக்கட்டிலிருந்து கேட்காமலே ஓர் ஊசியை உருவினாள். கவுனின் வலப்பக்கத்தை மடித்துக் குத்தினாள். பிறகு ஒரு கொத்தாகவே உருவிக்கொண்டாள். "எனக்கும் பிடிக்கத் தெரியும்டி. உனக்கு முன்னாடியே கத்துக்கிட்டவ நான்." ஸ்கேலை அவள் தொடவில்லை, கண் அளவிலேயே மடித்துக்கொண்டு போனாள்.

சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இவள் இடப்பக்கமாக, அவள் வலப்பக்கமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு ஊசியாகக் கவுனைச் சுற்றிப் பின்னால் நகர்ந்தார்கள். டீச்சர் சிலையாக நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்க மத்தியில் இரண்டு பேருடைய மடிப்பும் வந்து சேர்ந்தன. ஒன்று மற்றதைவிட அரை விரல் மேலே இருந்தது.

"முடிஞ்சுதா? சரியா வந்திருக்கா?" டீச்சர் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றாள். பின்பக்கம் அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவின் கட்டைவிரல் தன் மடிப்பின்மேல் இருந்தது. சின்னவளின் கட்டைவிரல் தன் மடிப்பின்மேல். நடுவில் நீலத் துணி கோணலாக இழுபட்டு, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நின்றது. இருவருமே விரலை எடுக்கவில்லை.